இடிப்பதா, காப்பதா? சேப்பாக்கம் மாளிகை கூறும் பாடம்



பனியன் ஆர்டர் நிமித்தமாகவோ, ஏற்றுமதி அலுவல் நிமித்தமாகவோ திருப்பூரிலிருந்து அடிக்கடி சென்னை சென்று வருபவர்கள் நம்மில் பலர். அடுத்த முறை செல்லும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சேப்பாக்கம் சென்று வாருங்கள். மெரினா கடற்கரையிலிருந்து பார்த்தால் எழிலகம் என்னும் அரசு அலுவலகக் கட்டடந்தான் கண்ணில் படும். அதன் பின்னே மறைந்து நிற்கிறது ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் எழுப்பிய அரண்மனை.

மாடியுடன் கூடிய கலச மஹால், தரைத்தளம் மட்டுமே கொண்ட ஹுமாயூன் மஹால் என இரண்டு பகுதிகள் அதற்கு உண்டு. இரண்டுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் கோபுரம், பிற்காலத்தில் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் சிஷோம் எழுப்பியதாகும்.

ஏலத்திற்கு வந்த அரண்மனை

ஆங்கிலேயரிடம் பட்ட கடன் நவாபுகளின் ஆட்சியை மெல்ல மெல்ல அரித்தது. 1801-இல் கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் நவாப் பட்டமே ஒழிக்கப்பட்டது. பின்னர் கடனுக்காக அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசே அதனை வாங்கி அலுவலகங்களாக மாற்றியது. நவாபின் வழிவந்தோர்க்கு ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டமும், இராயப்பேட்டை அமீர் மஹாலும் பின்னாளில் வழங்கப்பட்டன.

தர்பார் நடந்த மண்டபத்தில் கோப்புகள் குவிந்தன. பலகைத் தடுப்புகள் எழுந்தன. கூரையில் மழைநீர் இறங்கியது. சுவர் வெடிப்புகளில் செடிகள் வேரூன்றின. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது கலச மஹால் தீப்பற்றி எரிந்தது. தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். ஹுமாயூன் மஹாலோ நெருப்பின்றியே, கவனிப்பாரின்றிச் சிதைந்துகொண்டிருந்தது.

இரு பக்க நியாயம்

இடித்துவிடலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. அதில் நியாயமே இல்லை என்று கூற முடியாது. ஓர் உயிர் போயிருந்தது. அரசு ஊழியர்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். நகரின் நடுவே அவ்வளவு நிலமும் சும்மா கிடக்கலாகாது. ஆயினும் வரலாற்று ஆர்வலர்கள் விடவில்லை. எரிந்தது மரமும் கூரையுந்தான். தடித்த செங்கற் சுவர்கள் இன்னும் நிற்கின்றன என்று அவர்கள் வாதிட்டனர்.

இறுதியில் அரசு காக்கும் வழியையே தேர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட கலச மஹாலில் இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. பிறகு ஹுமாயூன் மஹாலும் மீட்டெடுக்கப்பட்டது. சுண்ணாம்புடன் கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைக்கும் பழைய முறைக் காரையே இத்தகைய பணிகளுக்கு ஏற்றது. இது வெறும் பழைமைப் பற்றால் கூறுவதன்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். பழுது பார்க்கிறோம் என்று எண்ணியே பலர் தம் பழைய வீடுகளைக் கெடுத்துவிடுவது இப்படித்தான்.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள்

திருப்பூரில் நிலத்தின் மதிப்பு நாம் அறியாததன்று. ஓட்டு வீடு இருந்த இடத்தில் பனியன் கம்பெனி எழும். கம்பெனி இருந்த இடத்தில் வணிக வளாகம் எழும். பிழைப்புக்காக வந்து குவிந்த மக்களுக்கு இடம் வேண்டாமா? வேண்டும். எல்லாப் பழைய சுவரையும் காக்க இயலாது, காக்கவும் தேவையில்லை. ஆனால் அண்டை நகரான கோவையில், 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா ஹால் மாமன்றக் கூடமாகப் பயன்பட்டு வருவதையும் நாம் காண்கிறோம். பயன்பாடு இருக்குமானால் பழைய கட்டடம் பாரமாகாது.

நம் பள்ளிவாசல்களிலும், வக்பு சொத்துக்களிலும், முன்னோர் வீடுகளிலும் இதே கேள்வி எழத்தான் செய்கிறது. தொழுகைக்கு வருவோர் பெருகும்போது இடத்தை விரிவாக்குவது கடமையே. எனினும் கடப்பாரையை எடுக்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். அடித்தளமும் சுவரும் உறுதியாக உள்ளனவா என்று விவரமறிந்த பொறியாளர் சோதித்தாரா? பழைய பகுதியை அப்படியே நிறுத்தி, பக்கத்தில் விரிவாக்க வழியில்லையா? இடித்தே ஆகவேண்டுமெனில் கல்வெட்டையும், மரவேலைப்பாட்டையும், பத்திரங்களையும் பத்திரப்படுத்தினோமா? படமாவது எடுத்து வைத்தோமா?

சட்டம் வந்து காக்கும் என்று காத்திருக்கவும் இயலாது. 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை கூரைகள் சரிந்திருக்கும்!

சேப்பாக்கம் கூறும் பாடம் ஒன்றே. இடிப்பதா காப்பதா என்னும் வழக்கு மன்றத்திலோ கூட்டத்திலோ தொடங்குவதில்லை. கூரையில் ஒழுகும் முதல் துளியை நாம் பார்த்தும் பாராமல் விட்ட அன்றே அது தொடங்கிவிடுகிறது. ஆகவே, உங்கள் பொறுப்பில் ஒரு பழைய கட்டடம் இருக்குமானால், இந்த மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை இன்றே வேரோடு களையுங்கள். இன்று சில நூறு ரூபாயில் முடியும் வேலை, நாளை கோடிகளில் முடியும். அல்லது கடப்பாரையில் முடியும்.