ஒரு குவளைக் கஞ்சி

மலாவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை பசிக்காலம். போன அறுவடையின் மக்காச்சோளம் தீர்ந்திருக்கும். புதுசு இன்னும் முற்றியிருக்காது. அப்போது வகுப்பறை காலியாவதில் என்ன ஆச்சரியம்?

2002 பஞ்சத்தில் அங்கே போன ஸ்காட்லாந்துக்காரர் மேக்னஸ் மேக்ஃபார்லேன்-பேரோ, ஒரு சிறுவனிடம் என்ன ஆசை என்று கேட்டார். வயிறாரச் சாப்பாடு, என்றைக்காவது பள்ளிக்கூடம், அவ்வளவுதான் பதில். பள்ளியிலேயே சாப்பாடு போடும் ‘மேரிஸ் மீல்ஸ்’ தொண்டு அமைப்பு முளைத்தது அப்படி. முதலில் 200 பிள்ளைகள். அலுவலகம், ஸ்காட்லாந்தின் டால்மாலி கிராமத்தில் ஒரு தகரக் கொட்டகை.

எனக்குப் பிடித்தது அடுப்படிக் கதை. மலாவிப் பள்ளிகளில் இருட்டோடு எழுந்து வந்து விறகு மூட்டுகிறவர்கள் உள்ளூர் அம்மாக்கள்தான். முறை வைத்து, சம்பளமில்லாமல். அண்டாவில் மக்காச்சோள மாவும் சோயா மாவும் கொதிக்கும். பெயர் ‘லிகுனி பாலா’. சிச்சேவா மொழியில் பாலா என்றால் கஞ்சி (நம்ம பாலோடு சம்பந்தமில்லை!). கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை கழன்றுவிடும். பிள்ளைகள் குவளையோடு வரிசையில். பள்ளிக்கு வந்தால்தான் குவளை நிறையும், சூட்சுமமே அதில்தான்.

இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். போன மாதம் இதற்கு நான் அனுப்பியது சின்னத் தொகை. எத்தனை குவளை தேறும் என்று கணக்குப் போட்டேன். அந்த விறகுப் புகை ஞாபகம் வந்ததும் கூச்சமாகிவிட்டது.