'வேண்டாம்' எங்கே?

தேனி மாவட்டத்துப் போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. விலை கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி சரக்கைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். அதனால்தான் ஸ்பைசஸ் போர்டு வெளியிடும் பட்டியலில் வந்த கிலோ தனியாகவும் விற்ற கிலோ தனியாகவும் இருக்கும். 'வேண்டாம்' என்ற பதிலுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

அதே ஊர்க் கடைகளில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் கேட்பதோ வேறு மாதிரி. அப்டேட் வந்திருக்கிறது: இப்போதா, பிறகா? அவ்வளவுதான் பேரம்.

2016 மே மாதம் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும் என்று நம்மையெல்லாம் பழக்கிய நிறுவனமே, விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறச் சொல்லும் பெட்டியில் அந்த அழுத்தலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. கூச்சல் எழுந்த பிறகு, ஜூன் கடைசியில்தான் மறுப்பதற்கு ஒரு வழி வைத்தார்கள். இலவசச் சலுகை முடிய அப்போது ஒரு மாதமே பாக்கி!

அதற்காக அப்டேட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2017 மார்ச் 14 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்தை ஏற்றியிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் மே 12 அன்று கிளம்பிய வான்னாகிரை என்ற கணினித் தாக்குதல் தானாகப் பரவ முடியவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. டேலி என்ற கணக்கு மென்பொருளின் பழைய பதிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தவர்களும் மாறியே ஆகவேண்டியிருந்தது.

ஆனால் கணக்குப்பிள்ளை தனியாக முடிவெடுக்க முடியாது. டேலியின் சில புதிய பதிப்புகளுக்கு மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. தேனியில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் பழையது ஓடினால் போடியில் அழுத்திய பொத்தான் அங்கே வேலையை நிறுத்திவிடும். ஆகவே முதலில் ஒரு போன்: "சார், நீங்க மாத்திட்டீங்களா?" அப்டேட் கேட்கும் பெட்டிக்கு இந்த ஆடிட்டர் தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் தெரியும்.

2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 ஹோமிலும் அப்டேட்டை 35 நாள் வரை தள்ளிப்போட ஒரு பொத்தான் வந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் 31 நெருங்கும்போது அது பெரிய உபகாரம். என் குறை வேறு: அப்படித் தள்ளும்போது பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. அவற்றை மட்டும் ஏற்று, புது முகப்பையும் புது மெனுவையும் ஏப்ரலுக்குத் தள்ள அந்தப் பொத்தானில் வழியில்லை.