மாஸ்டருக்கு விசா உண்டா?

பெரணமல்லூர் காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு மையத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒரு தம்பி வந்தான். படிக்க வரவில்லை, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்ட வந்தான். லண்டனில் சமையல்காரர் வேலை, அரசு ஒப்பந்த விசா, ஆண்டுக்கு 1,800 பேர், முன்பணம் 2 லட்சம் என்று அதில் இருந்தது. "ணா, இது நமக்கு ஆவுமா?" என்றான்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். சென்னையில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவப் போய், காய் நறுக்கி, அடுப்படிக்கு ஏறி, இன்று 'மாஸ்டர்'. முந்நூறு பேருக்கு பிரியாணி என்றாலும் அளவு பார்க்காமல் போடுவான். பதினொரு ஆண்டு அனுபவம். அதைச் சொல்ல அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அவனோடு உட்கார்ந்து தேடிப் படித்தோம். செய்தியில் பாதி உண்மை. ஏமாற்றுகிறவர்கள் எப்போதும் பாதி உண்மையோடுதான் வருகிறார்கள். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சமையல் கலைஞர்கள், யோகா ஆசிரியர்கள், செவ்வியல் இசைக் கலைஞர்கள் என ஆண்டுக்கு 1,800 பேர் வரை தற்காலிகமாக அங்கே வேலை செய்ய அதில் வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலும் சமையல், யோகா ஆட்களுக்கு இதே 1,800தான். இரண்டு நாடுகளுக்குள் போடப்படும் இவற்றையும் உலக வர்த்தக அமைப்பு 'பிராந்திய வர்த்தக ஒப்பந்தம்' என்றே பதிவு செய்கிறது.

மீதிப் பாதிதான் சிக்கல். இவை வேலை தேடிப் போகிறவருக்கான விசாக்கள் அல்ல. உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக உடன்படிக்கையே, ஒரு நாட்டின் வேலைச் சந்தைக்குள் நுழைய விரும்புகிறவருக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. கையில் சேவை ஒப்பந்தம் வைத்திருக்கும் 'தொழில்முறை வல்லுநர்'தான் போகலாம். வல்லுநர் என்று நிரூபிப்பது எது? பட்டம், பயிற்சிச் சான்று, அனுபவக் கடிதம். 1994இல் வந்த வட அமெரிக்க ஒப்பந்தத்திலும் இதே கதை. பொறியாளர், கணக்காளர் என்று அறுபதுக்கு மேற்பட்ட தொழில்களின் பட்டியல் போட்டார்கள். மெக்சிகோவின் தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கதவு இல்லை, வேறு பருவகால விசாதான்.

காகிதம் சாதி பார்த்தே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இதைப் படிக்கிற மாணவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 'செவ்வியல் இசை' என்ற சொல்லைப் படித்ததும், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் தங்கை ஒருத்தி நிமிர்ந்து, "அப்போ பறை?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. சிரித்தோம், அவ்வளவுதான்.

சமையலும் அப்படித்தான். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைகவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அரசு கொடுத்த வேலை, அரசுப் பள்ளி அடுப்பு. உள்ளூரில் நம் கை பட்ட சோறு தீட்டு, லண்டன் போவதற்கோ நம் கையில் சான்றிதழ் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், பெயர் தெரியாத ஓட்டல் அடுப்படிகளில்தான் எங்கள் தம்பிகள் மாஸ்டர்களாக வேகிறார்கள்.

இத்தனைக்கும் அதே பிரிட்டன் ஒப்பந்தம் நம் நாட்டுத் துணிமணிகளுக்கு அங்கே இறக்குமதி வரியை நீக்குகிறது. ஆரணிப் பட்டுப் புடவை சுலபமாகக் கடல் தாண்டும். நெய்தவர் தறிக்குழியிலேயே இருக்கலாம்.

இந்தத் தம்பியின் அண்ணன் குவைத்தில் இருக்கிறான். பத்தாவது தேறாததால் அவனுடையது குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983 சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்கான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் படித்தவன் பேச்சுவார்த்தை மேசையில் 'சேவை' ஆகிறான், படிக்காதவன் விமான நிலைய வரிசையில் 'சோதனை' ஆகிறான்.

வர்த்தக ஒப்பந்தம் நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நம் பெயரிலும்தானே கையெழுத்தாகிறது? பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலை செய்தே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சான்றை ஏற்கச் செய்யுங்கள் என்று இந்திய அரசு எதிர்த்தரப்பிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வைக்க வேண்டியது நாம்தான்.

முன்பணம் தர வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னோம். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம், ஆளின் பதிவை இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வந்தவரின் பதிவு எண்ணைக் கேட்டோம். அன்று இரவே எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பிறகு அனுபவக் கடிதம் ஒன்றை நாங்களே தட்டச்சு செய்து, ஓட்டல் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அனுப்பினோம். "பதினொரு வருஷம்னு எழுதித் தந்தா நாளைக்கு பி.எஃப். கேப்ப" என்றாராம். கடிதம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் எங்களில் இருவர் அவனோடு சென்னைக்குப் போகிறோம்.