கமென்ட் தேவையில்லை

இரண்டு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஆனால் செய்வதென்னவோ குழாய் வேலைதான். இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் போக வேண்டும், நடுவில் ஒழுகக் கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தமிழ்ச் செய்தித்தளத்திற்கு அப்படி ஒரு குழாய் போட்டேன். யார் எந்தச் செய்தியை எழுதுகிறார்கள் என்பதை அவர்கள் ட்ரெல்லோவில் வைத்திருந்தார்கள். செய்திக்கு ஒரு கார்டு. 'எழுதுகிறோம்', 'எடிட்டிங்', 'முடிந்தது' என்று மூன்று வரிசைகள். வேலை நகர நகர கார்டையும் வலப்பக்கம் இழுத்து விடுவார்கள். செய்தித்தளம் ஓடியது வேர்ட்பிரஸில். இரண்டுக்கும் நடுவில் ஓர் அக்கா இருந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். பழைய பத்திரிகை ஒன்றில் பல வருடம் புரூஃப் பார்த்தவர். 'முடிந்தது' வரிசைக்குக் கார்டு வந்ததும் அதைத் திறந்து, காப்பி செய்து, வேர்ட்பிரஸில் ஒட்டி, படம் வைத்து, பப்ளிஷ் பட்டனை அழுத்துவார். "ஒரு ஆள் நாள் முழுக்க காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருக்காங்க ப்ரோ, இதை ஆட்டோமேட் பண்ணிடலாமா?" என்றார் மேனேஜர். பண்ணிடலாம் என்றேன்.

உண்மையில் அது பெரிய வேலையில்லை. கார்டு நகர்ந்ததும் நாம் கொடுத்த முகவரிக்கு ட்ரெல்லோ தானே ஒரு தகவல் அனுப்பும். வெப்ஹூக் என்பார்கள். வாசலில் போய் நின்று 'பால் வந்துச்சா, வந்துச்சா' என்று கேட்டுக்கொண்டிருக்காமல், பால்காரரே மணி அடிப்பது மாதிரி. மணி அடித்ததும் என் புரோகிராம் கார்டைப் படித்து வேர்ட்பிரஸிடம் கொடுக்க வேண்டும். அதற்கான ஏபிஐ 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸுக்குள் இருக்கிறது.

கஷ்டமெல்லாம் எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான். அதற்கு ஓர் எக்செல் ஷீட் போடுவோம். கார்டின் தலைப்பு, செய்தியின் தலைப்பு. கார்டின் விவரம், செய்தியின் உடல். லேபிள், பிரிவு. இணைத்த படம், முகப்புப் படம். கடைசி வரியில் 'கமென்ட்' என்று இருந்தது. கார்டுக்குக் கீழே ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது. அதற்கு எதிரே 'தேவையில்லை' என்று போட்டேன். வாசகருக்குப் போகிற விஷயமில்லையே.

முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. செய்தி வெளியானதும் அதன் முகவரியைக் கார்டில் எழுதச் சொல்லியிருந்தேன். கார்டில் எழுதியதும் ஒரு மாற்றம்தானே, அதற்கும் மணி அடித்தது. மறுபடி தளம், மறுபடி கார்டு. ஒரே செய்தி நூறு தடவைக்கு மேல் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. புரோகிராமே செய்த மாற்றத்துக்குக் காது கொடுக்காதே என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. சிரித்துக்கொண்டோம்.

டெமோவில் கடைசி ஸ்லைடு: 'தினமும் 2 மணி நேரம் மிச்சம்'. கைதட்டினார்கள். அந்த இரண்டு மணி நேரம் யாருடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அக்கா காலை ஷிப்டு மட்டும்தான் வந்தார். சம்பளமும் அதற்கேற்றபடி.

ஒரு நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு அவரிடமிருந்து போன். அதற்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"தம்பி, அந்தப் பாப்பா நியூஸ்ல ஸ்கூல் பேரு அப்படியே போயிருக்கு. உடனே எடுங்க. அப்புறம் பேசலாம்."

ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய செய்தி. பெயர் இல்லை. ஆனால் பள்ளியின் பெயரும் தெருவின் பெயரும் இருந்தன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 23ஆவது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். மதியம் கிளம்புவதற்கு முன் கார்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்: 'ஸ்கூல் பேரு, தெரு பேரு எடுத்துட்டுப் போடணும்.'

கமென்டில் எழுதியிருந்தார்.

ராத்திரி எடிட்டர் அதைக் கவனிக்காமல் கார்டை 'முடிந்தது'க்கு இழுத்தார். என் புரோகிராம் இரண்டு நொடியில் செய்தியைத் தளத்தில் ஏற்றியது. ஒரு பிழையும் வரவில்லை. லாக்கில் எல்லாமே பச்சை.

செய்தியை எடுத்தேன். கேஷைத் துடைத்தேன். மொத்தம் 19 நிமிடம் தளத்தில் இருந்திருக்கிறது. ஆனால் நோட்டிஃபிகேஷன் ஏற்கெனவே போன்களுக்குப் போய்விட்டிருந்தது. அக்காவும் வீட்டில் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். நம் சர்வரிலிருந்து எடுக்கலாம், ஒருவர் எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட்டை எடுக்க முடியாது. வழக்கு ஒன்றும் வரவில்லை. அதை நினைத்து நிம்மதியாக இருக்க முடியவில்லை. அந்தத் தெருவில் யாராவது அதைப் படித்தார்களா என்பது எனக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை.

மறுநாள் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் வேறு என்னவெல்லாம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே போனார். தலைப்பில் ஒரு வயது, உள்ளே ஒரு வயது இருக்கும். இனிஷியல் மாறி வேறு ஆளாகிவிடும். அதே பெயருள்ள இன்னொருவரின் படம் வந்திருக்கும். தற்கொலைச் செய்தி என்றால் எப்படி நடந்தது என்ற வரியை எடுத்துவிட்டு, கீழே 104 உதவி எண்ணைப் போட வேண்டும்.

"இதெல்லாம் எங்கக்கா எழுதி வெச்சிருக்கீங்க?"

"எழுதி வெக்க என்ன தம்பி இருக்கு, பாத்தா தெரியுமே."

நாங்கள் காப்பி பேஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்று இரவு கான்பான் பற்றி மறுபடி படித்தேன். ட்ரெல்லோ மாதிரியான பலகைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ உருவாக்கிய முறை. அங்கே கார்டு முன்னால் இருப்பவரிடமிருந்து பின்னால் இருப்பவருக்குப் போவதில்லை. அடுத்த கட்டத்தில் இருப்பவர் தனக்குத் தேவையானபோது முந்தைய கட்டத்துக்கு அனுப்புகிற சீட்டு அது. முடித்தவர் தள்ளக் கூடாது, வாங்குபவர் இழுக்க வேண்டும். நான் தள்ளுகிற இயந்திரத்தைக் கட்டிவிட்டு, வாங்கிக்கொள்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

திருத்தம் என்று பார்த்தால் ஒரே ஒரு சொல்தான். வேர்ட்பிரஸுக்கு அனுப்பும் தகவலில் 'பப்ளிஷ்' என்ற நிலையை 'பெண்டிங்' என்று மாற்றினேன். கார்டு 'முடிந்தது'க்கு வந்தால் செய்தி தளத்தில் தயாராக நிற்கும், வெளியே போகாது. கமென்டுகள் செய்திக்கு மேலே மஞ்சள் பெட்டியில் தெரியும். பட்டனை ஓர் ஆள் படித்துப் பார்த்து அழுத்த வேண்டும்.

அக்காவின் சாயங்கால ஷிப்டு திரும்பி வந்தது. பழைய சம்பளம் வர மேலும் நான்கு மாதம் ஆனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் மேனேஜரிடமிருந்து மெசேஜ். ஒரு செய்தி பெண்டிங்கில் சராசரியாக 11 நிமிடம் நிற்கிறதாம். "இதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா ப்ரோ?"

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பதினொண்ணுதானா?" என்றார். "அப்போ நான் எதையோ சரியாப் பாக்காம விடுறேன் தம்பி."

மேனேஜருக்கு, முடியாது என்று பதில் அனுப்பினேன்.