மாமியாரின் மிச்சம் நாலு படம்

பெரியப்பாவின் கேமரா மாமியா ஆர்பி 67. பெரியம்மாவுக்கு அது எப்போதும் மாமியார்தான். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பும்போது, “மாமியாரத் தூக்கியாச்சா?” என்பார். லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்த்தவர்களுக்குக் கிண்டல் புரியும்.

2023 மார்ச் வெள்ளத்தில், சிகாமட்டில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பெரியப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். கீழ் அலமாரியில் இருந்த கேமரா உடலும் லென்ஸும் சேற்றில் ஊறிப் போயின. இந்தக் கேமராவுக்கு ஷட்டர் லென்ஸுக்குள்ளேதான் இருக்கும். திருப்பினால் மணல் நறநறத்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். சாமான்களை ஒதுக்கும்போது, மாடியில் பெரியப்பாவின் சட்டைகளுக்கு நடுவில் ஃபிலிம் பேக் மட்டும் தனியாகக் கிடைத்தது. தகடு போட்டு மூடியிருந்தது. எண் 7ல் நின்றது. ஒரு ரோலுக்குப் பத்து படம். ஆறு எடுத்து, ஏழாவதுக்குச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்கூடாயில் படித்தபோது பிடிபிடிஎன் கடன் காசில் மிச்சம் பிடித்து, பழைய ரிக்கோ ஜிஎக்ஸ்ஆர் ஒன்று வாங்கினேன். 2009ல் வந்தது. அதிலும் பாகங்கள் கழலும். ஆனால் வெட்டிய இடம் வேறு. லென்ஸ், சென்சார், படத்தைப் பதப்படுத்தும் சிப் மூன்றும் ஒரே பெட்டி. உடலில் திரை, பேட்டரி, பொத்தான்கள். சென்சாரில் தூசி விழாது, லென்ஸுக்கு ஏற்ற சென்சார் வைக்கலாம். எல்லாம் நியாயம்தான். பொறியியல் மாணவனாக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சென்சார் நாலைந்து வருடத்தில் பழசாகும், லென்ஸ் நாற்பது வருடம் உழைக்கும். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால், கிழவரோடு சேர்த்துப் பேரனையும் அடக்கம் செய்வது மாதிரி. 2011ல் லைக்கா எம் லென்ஸ் பூட்ட, லென்ஸ் இல்லாத ஓர் அலகையும் விட்டார்கள். அது ஒன்றில்தான் சரியான இடத்தில் வெட்டியிருந்தார்கள் என்பது என் கட்சி.

1969ல் அப்போலோ 11 போனவர்கள், நிலவில் நடந்து படமெடுத்த ஹாசல்பிளாடை அங்கேயே விட்டுவிட்டு ஃபிலிம் பேக்கை மட்டும் கொண்டுவந்தார்கள். எடையைக் குறைக்கத்தான். பெரியப்பா ஏன் பேக்கை மட்டும் மாடிக்குக் கொண்டுபோனார் என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்கும் தெரியல.

மூவாரில் கடையை மூடிய சீன அங்கிள் ஒருவரிடம் அதே மாடல் உடலும் லென்ஸும் கிடைத்தன. “பேக் இருக்கா? அப்ப போதும்,” என்றார். பேக்கை வைத்தேன், பூட்டினேன். டக்கென்று உட்கார்ந்தது. பேட்டரி கிடையாது, எதையும் கேட்காது. ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்திருந்ததால் கறுப்பு டேப் சுற்றினேன். ஈரத்தில் ஃபிலிம் பூஞ்சை பிடித்திருக்கலாம். அந்த ஆறும் வெறும் மூட்டமாக வரலாம்.

ஏழாவதை எடுத்தேன். சுவரில் வெள்ளம் விட்ட கோட்டுக்குப் பக்கத்தில் பெரியம்மா. ஷட்டர் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

“மூணையும் எடுத்து முடிச்சிட்டு, கேஎல்-ல கழுவக் குடுக்கலாம் பெரியம்மா,” என்றேன்.

அவர் பேக்கைத் துணியில் துடைத்தார். “இருக்கட்டும்டா. என்ன அவசரம்?”

எண் 8ல் நிற்கிறது.