பின்கதவில் சரிவுப் பலகை

அமெரிக்காவில் ‘டாய் ஹாலர்’ என்று ஒரு வண்டி இருக்கிறது. பொம்மை சுமக்கிற வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை என்றால் மரப்பாச்சி இல்லை. மோட்டார் சைக்கிள், மணல்மேட்டில் ஓட்டுகிற நாலு சக்கர பைக் இப்படி வளர்ந்த ஆம்பளைகளின் பொம்மைகள். வண்டியின் முன்பாதி வீடு: கட்டில், அடுப்பு, குளியலறை. பின்பாதி கொட்டகை. பின்சுவர் முழுதும் ஒரே கதவுதான். அதன் கீல் அடியில் இருக்கிறது; கதவைக் கீழே இறக்கினால் அதுவே சரிவுப் பலகையாகி, பைக்கை அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். தரையில் இரும்பு வளையங்கள் பதித்திருப்பார்கள், பைக்கைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்ட.

டல்லாஸில் இருக்கும் என் பெரிய மகன் இந்த வண்டியின் வீடியோவை அனுப்பி, “அப்பா, பெரியப்பாவை இப்படி ஒரு வண்டியில ஏத்தலாமே” என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிதான் எங்கள் வீட்டில் நாலு மாதப் பேச்சானது.

அண்ணனுக்கு வயது 74. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது, புத்தி எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. அவரைக் காரில் ஏற்ற ஒருவர் அக்குளில் கை கொடுக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலைத் தூக்க வேண்டும். கோயில் வாசலிலும் ஓட்டல் வாசலிலும் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நாளில், எங்கே கூப்பிட்டாலும் “எனக்கு முடியலடா, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். முடியாதது உடம்புக்கு இல்லை என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மில்லில் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ஒரு பொருளை வாங்குவதற்கு முன் பேப்பரில் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இதே நிலைமை உள்ள யாருக்காவது பயன்படும்.

முதலில், அமெரிக்க வண்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது தானாக ஓடுகிற வண்டி இல்லை. பெரிய பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர். சின்னது 20 அடி, பெரியது 40 அடி வரை வரும். ரெட்டியார்பாளையத்திலிருந்து மூலக்குளம் வரை சாயங்காலம் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். எங்கள் தெருவில் குப்பை வண்டி திரும்பவே மூன்று தடவை ரிவர்ஸ் எடுக்கிறார்கள். கேரவன் என்றால் நமக்கு சினிமாக்காரர்கள்தான் ஞாபகம் வரும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்த பிறகு பொதுஜனமும் அதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கட்டில், கழிவறை வைத்த முழு கேரவன் பென்ஷன்காரன் தொடுகிற விலையில் இல்லை.

எனவே டாய் ஹாலரின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். நின்றால் தலை இடிக்காத ஒரு பழைய டெம்போ டிராவலர் வேன். பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு அண்ணனின் சக்கர நாற்காலிக்கு இடம். பின்கதவில் மடக்குச் சரிவுப் பலகை. படுக்கை வண்டிக்குள் வேண்டாம், லாட்ஜில் படுத்துக்கொள்ளலாம்.

இப்போது எடைக் கணக்கு. ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும்: வண்டியின் வெறும் எடை, சுமையோடு அதிகபட்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடியது. அது 1,000 கிலோ என்று வையுங்கள். எட்டு பேர், சராசரி 65 கிலோ வீதம் 520. தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. சக்கர நாற்காலி 20, சரிவுப் பலகை 25. பெட்டி, பாய், தலையணை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 150. 775 வந்துவிட்டது. இதற்கு மேல் மரப் பலகையில் அலமாரி, கட்டில் என்று ஆசைப்பட்டால் மிச்சம் இருக்கிற 225-உம் போய்விடும். இன்னொன்று, பின் அச்சுக்குப் பின்னால் அதிக பாரம் வைத்தால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறைந்து ஸ்டியரிங் லேசாகும். தண்ணீர்க் கேனை எப்போதும் முன்பக்கம் வையுங்கள்.

அடுத்து சரிவு. சக்கர நாற்காலி ஒரு அடி ஏற 12 அடி நீளம் சரிவு வேண்டும் என்பது கட்டடங்களுக்கு உள்ள அளவு. நாங்கள் பார்த்த வேனில் தரையிலிருந்து தளம் 65 சென்டிமீட்டர். அந்தக் கணக்குப்படி பலகை 7.8 மீட்டர் இருக்க வேண்டும்! வேனைவிட நீளம். 2.4 மீட்டர் பலகைதான் மடக்கி உள்ளே வைக்க முடியும். அது செங்குத்தாக இருக்கும், ஒருவர் தள்ள முடியாது. இதற்குக் கையால் சுற்றும் வின்ச் ஒன்றை உள்ளே பொருத்தலாம் என்று யோசித்தேன். அதோடு நம் ஊர் முறை ஒன்றும் கைகொடுத்தது. மாட்டை மினி லாரியில் ஏற்றுகிறவர்கள் வண்டியை வாய்க்கால் மேட்டுக்கு ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பின்சக்கரம் பள்ளத்தில், பலகையின் நுனி மேட்டில். 65 சென்டிமீட்டர் 30 ஆகிவிடும். இதை அண்ணனிடம் சொன்னபோது, “மாடு ஏத்துற மாதிரி என்னை ஏத்தப் போறியாடா?” என்றார். “மாடு கூட தானா நடந்து ஏறும், நீ உக்காந்தபடியே ஏறப் போற” என்றேன். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சட்டம் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உடல் ஊனமுற்றவருக்காக மாற்றுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் மாற்றிய 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு இலகுரக லைசென்ஸ் போதும்.

உழைக்கிற வண்டியா என்று பார்ப்பது எப்படி? நம் ஊரில் முதல் எதிரி உப்புக் காற்று. பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். கதவுத் தூண்களின் அடிப்பாகம், ஸ்டெப்னி தொங்குகிற இடம், அடியில் குறுக்குச் சட்டங்கள் இவற்றை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்னும், துருவேறியது பொத்தென்று கேட்கும். கூரையில் கால் மணி நேரம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டு உள்ளே ஒழுகுகிறதா பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற டயரும் வயசாகும்.

பாடி கட்டுகிற இடத்தில், தரைக்குச் சாதாரண பிளைவுட் போதும் என்றார்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைதான் வேண்டும் என்று நின்றேன். ஈரச் சக்கரம் தினமும் ஏறி இறங்குகிற தரை அது. அலுமினியப் பலகையை இரும்புச் சட்டத்தோடு நேராக முடுக்க விடவில்லை. இடையில் ரப்பர் வாஷர். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துவிடும். நாற்காலியை நாலு மூலையிலும் பட்டை போட்டுத் தரையோடு கட்ட வேண்டும். அண்ணனுக்குத் தனியாக சீட் பெல்ட். நாற்காலியைக் கட்டுவது வேறு, ஆளைக் கட்டுவது வேறு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று அண்ணனே கேட்டார். “என்னை நம்பி ஆறு லட்சம் போடாதே. நான் போயிட்டா அந்த வண்டியை என்னடா பண்ணுவே?” அறையில் யாரும் பேசவில்லை. அவருடைய பேரன், பத்து வயது, “என் சைக்கிளை ஏத்திப்பேன் தாத்தா” என்றான். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அண்ணன் மட்டும் “அப்ப வாங்குடா” என்றார்.

2015 மாடல் வேன் ஒன்று வாங்கி, தையில் வேலை முடிந்தது. முதல் பயணம் காரைக்காலுக்கு. அண்ணன் 22 வயதில் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனோம். சின்ன மகன் ஓட்டினான், 50-க்கு மேல் போகவிடவில்லை நான். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு முன்னால் ஒரு மேடாகப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தோம். பலகையை இறக்கினேன், வின்ச்சை நான் விட, மகன் பின்னால் பிடித்துக்கொண்டான். ஒன்றரை நிமிஷத்தில் அண்ணன் தரையில் இருந்தார். யாரும் அவரைத் தொட்டுத் தூக்கவில்லை. சுண்டல் விற்கிற பையன் ஒருவன் மட்டும் பலகையை ஆச்சரியமாகப் பார்த்தான். அண்ணன் அவனைக் கூப்பிட்டு, தன் இடது கையால் காசு எடுத்துக் கொடுத்து, எல்லோருக்கும் சுண்டல் வாங்கினார்.

ஆனியில் திருவண்ணாமலை. அதற்குள் வின்ச் கயிற்றை மாற்ற வேண்டும், ஒரு இடத்தில் நார் பிரிகிறது. உங்கள் வீட்டிலும் “நீங்க போயிட்டு வாங்க” என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அளவு எடுக்க டேப்போடு வந்து எங்கள் வண்டியைத் தாராளமாகப் பார்க்கலாம்.