படிக்காமல் பேசிய பேச்சு

கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல், அவர் பெயரைச் சொல்லி வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இதை இனியும் மறைக்க மனமில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அப்போது வேலை. பாகலூரைத் தாண்டி மாலூர் பக்கமிருந்து வரும் கன்னடக்காரர்கள் என்னோடு ஷிப்ட் பார்த்தார்கள். காவிரிப் பேச்சு வந்தால் கேன்டீனில் குரல் உயரும். 1991 காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓசூருக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். என் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதை இறக்கி வைத்த இடம்தான் தவறு.

"உங்க ஞானபீடக்காரர் வீட்டுல தமிழ் பேசினவர்தானே?" என்று மாஸ்தி என்ற ஊர்ப் பக்கத்துச் சகதொழிலாளி ஒருவரைக் குத்திக்கொண்டே இருப்பேன். அவர் பதிலுக்குப் பேசியதில்லை. ஒருநாள் மாஸ்தியின் 'சிக்கவீர ராஜேந்திரன்' நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை நீட்டி, "படிச்சிட்டுப் பேசுங்கண்ணா" என்றார். லாக்கரில் போட்டுவைத்துவிட்டு, பிரித்தும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

"போபண்ணா செஞ்சது சரியாண்ணா?" என்று கேட்டார்.

"சரிதான், நல்ல மனுஷன்" என்றேன். அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் எனக்கு எந்தப் புத்தகமும் தரவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அதைப் படித்தேன். 1834இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்த குடகின் கடைசி அரசன் கதை. அரசனின் கொடுமையை மாஸ்தி மறைக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்ட ராணி கௌரம்மாவின் வேதனையையும் விட்டுவிடவில்லை. நாட்டைக் காக்க வேறு வழி தெரியாமல் அந்நியருக்கு இடம் கொடுத்துவிடுகிறார் மந்திரி போபண்ணா. அது சரியா என்று படித்து முடித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லியிருந்தேன்.

1891இல் கோலார் சீமையில் தமிழ் வீட்டில் பிறந்தவர் மாஸ்தி. மெட்ராஸில் எம்.ஏ. படித்து, மைசூர் அரசில் அதிகாரியாக உயர்ந்தார். தன்னைவிட இளையவருக்கு மேல்பதவி தந்தபோது வேலையை விட்டார். சிறுகதை, நாவல், 'யசோதரா', 'காகனகோட்டை' போன்ற நாடகங்கள் என வாழ்நாளெல்லாம் கன்னடத்தில் எழுதினார். 1983க்கான ஞானபீட விருது கிடைத்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அத்தனை உழைப்பையும் ஒதுக்கிவிட்டு, அவர் பிறப்பை மட்டும் எடுத்து இன்னொருவரை மட்டம் தட்டினேன். மொழிப்பற்று என்று நான் நினைத்தது வெறும் வீம்பு.

அந்த நண்பரைத் தேடிப்போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். 'காகனகோட்டை'யை மூலத்திலேயே படிக்க வேண்டும். படிக்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.